களக்காடு வரை வந்தவர்கள்



போன வாரம் நம்ம முட்டம் கலங்கரை விளக்கத்தை நீர்வண்ணத்தில் வரைந்து இங்கே போட்டிருந்தேன். நிறையப் பேர் கேள்வி கேட்டிருந்தீர்கள். "டீச்சர், நீங்க எங்களுக்குக் கணக்கும் சமூக அறிவியலும்தானே எடுத்தீங்க, படம் வரைய எப்பம் படிச்சீங்க?" என்று ஒருத்தி. "செல்போன்ல ஒரு நிமிசத்துல முடியுற வேலைக்கு எதுக்கு சித்தி ரெண்டு மணி நேரம் வெயிலில இருக்கீங்க?" என்று அக்கா மகன்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. எங்கள் காலத்தில் ஆசிரியர் பயிற்சியில் படம் வரைவதும் ஒரு பாடம். கரும்பலகையில் மாங்காயும் மாட்டுவண்டியும் வரையத் தெரியாதவர் ஒன்றாம் வகுப்புக்குப் போக முடியாது. பணி ஓய்வு பெற்ற பிறகு மகள் ஒரு சிறிய வண்ணப் பெட்டி வாங்கித் தந்தாள். அதை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதற்கு 230 வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும். நேரம் இருக்கிறவர்கள் முழுக்க வாசியுங்கள்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள். தாமஸின் சகோதரர் மகன்தான் வில்லியம். 1786இல் இருவரும் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது வில்லியமுக்கு 16 வயது. நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்கில் பதினோராம் வகுப்புப் பையன். முதலில் கல்கத்தா நகரத்தின் தெருக்களையும் கட்டடங்களையும் 12 படங்களாக வெளியிட்டார்கள். பிறகு கங்கை வழியாக வடக்கே போய் இமயமலை அடிவாரம் வரை வரைந்தார்கள். 1792இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள்.

1792 என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு முன்பே, 1780இல், வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் சென்னைக்கு வந்திருந்தார். கேப்டன் குக்கோடு பசிபிக் கடலையெல்லாம் சுற்றி வந்தவர் அவர். ஆனால் அந்த வருடம்தான் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் படையோடு இறங்கினார். ஹாட்ஜஸால் சென்னையைத் தாண்டி எங்கும் போக முடியவில்லை. உலகத்தையே சுற்றியவருக்குத் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் வழியில்லாமல் போயிற்று. 1792 மார்ச்சில் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஆன பிறகுதான் தெற்கே வழி திறந்தது. அந்த வழியில்தான் டேனியல்கள் புறப்பட்டார்கள். போர் நின்றால்தான் படம் வரைய முடியும். வகுப்பில் போர்களின் வருடங்களை மட்டும் உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது தோன்றுகிறது.

அவர்கள் கையில் என்ன இருந்தது? அதற்கு முந்தைய காலத்தில் ஓவியர்கள் வண்ணக் கல்லையும் மண்ணையும் அரைத்து, பிசின் நீரில் குழைத்து, சிப்பி ஓட்டில் வைத்துத் தொட்டு வரைவார்கள். நம்ம கடற்கரையில் காலில் குத்துகிற அதே மாதிரிச் சிப்பி ஓடுதான். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது சிரமம். 1780 வாக்கில் லண்டனில் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் வண்ணத்தைக் காய்ந்த வில்லையாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1781இல் அதற்கு அங்கே ஒரு பரிசும் கிடைத்தது. வில்லையை நனைத்த தூரிகையால் தொட்டால் வண்ணம் வந்துவிடும். ஆறாம் வகுப்பில் நீங்கள் புத்தகப் பைக்குள் கொண்டுவந்து நோட்டையெல்லாம் கறையாக்கினீர்களே, அந்த வண்ணப் பெட்டியின் பாட்டன் அதுதான். ஊர் சுற்றி வரைவது என்ற பழக்கம் அந்த வில்லைக்குப் பிறகுதான் பெருகியது.

இன்னொரு கருவி இருட்டுப் பெட்டி. முன்பக்கம் ஒரு கண்ணாடி வில்லை, உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. எதிரே இருக்கும் கோபுரத்தின் உருவம் சிறியதாகத் தாளின் மேல் விழும். அதன் மேலேயே பென்சிலை ஓட்டலாம். தூண்களின் உயரம், வளைவுகளின் அளவு எதுவும் பிசகாது. ஊசித்துளைக் கேமரா செய்முறை ஞாபகம் இருக்கிறதா? தத்துவம் அதேதான். அதில் விழும் உருவத்தை நிலைக்க வைக்கும் புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல்தான். 1792இல் பெட்டிக்குள் விழுந்த உருவத்தை நிலைக்க வைக்க மனிதனின் கை ஒன்றுதான் இருந்தது.

இப்படிப் பெங்களூர், ஓசூர், திருச்சி, மதுரை என்று வரைந்துகொண்டே வந்தார்கள். 1794இல் இங்கிலாந்து திரும்பி, அந்தத் தாள்களைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்கள். அந்தத் தொகுதிக்கு 'ஓரியண்டல் சீனரி' என்று பெயர். நம் நாட்டில் ஏழெட்டு வருடம் நடந்தவர்கள், நடந்ததைத் தாளில் இறக்க அதைவிடக் கூடுதலான காலம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படம் என்றால் அழகுக்கு என்று நினைப்போம். வரலாறு படிக்கிறவனுக்கு அது சாட்சி. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

சென்னையில் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிறீர்களே, மறைமலை அடிகள் பாலம், அந்த இடத்தில் முன்பு வளைவு வளைவாக ஒரு பழைய பாலம் இருந்தது. 1726இல் பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் கட்டியது. பரங்கிமலையில் தோமையார் கோவிலுக்கு ஏறும் படிகளையும் அவர்தான் கட்டிக் கொடுத்தார். பழைய பாலத்தை 1960களில் இடித்துவிட்டுப் புதுப் பாலம் கட்டினார்கள். பழையது எப்படி இருந்தது என்று கேட்டால் டேனியல்கள் வரைந்த படத்தைக் காட்டலாம்.

மதுரை இன்னும் பெரிய கதை. மதுரையைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் அந்த வேலையை நடத்தியவர்களின் பெயர்கள். கோட்டையில் மிஞ்சியது பெரியார் பேருந்து நிலையம் பக்கம் உள்ள ஒரு துண்டு. ஆனால் டேனியல்கள் 1792இல் கோட்டைக்குள் நின்று வரைந்திருக்கிறார்கள். திருமலை நாயக்கர் மகாலின் இடிந்த பகுதிகளையும் வரைந்திருக்கிறார்கள். ஆளுநர் நேப்பியர் 1866க்குப் பிறகு பழுது பார்த்ததால்தான் இன்றைக்கு நாம் பார்க்கும் பகுதியாவது நிற்கிறது. பழுது பார்ப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னால் அது எந்த நிலையில் கிடந்தது என்று அந்தப் படங்கள் காட்டுகின்றன.

போன வருடம் மகளோடு மதுரை போயிருந்தபோது அந்த மகாலில் உட்கார்ந்து வரைந்தேன். போனில் எடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்திருப்பேன். வரையும்போதுதான் தூணுக்கும் வளைவுக்கும் நடுவில் சுதையில் எத்தனை வேலை இருக்கிறது என்று கண்ணில் பட்டது. ஒரு தூணை மூன்று தடவை அழித்தேன். நாலாவது தடவையும் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது. பக்கத்தில் வந்து நின்ற ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, "பாட்டி, இந்தத் தூணு இவ்வளவு ஒல்லியா இல்லை" என்றது. சரியாகத்தான் சொன்னது. தூணை அதுவும் அப்போதுதான் உற்றுப் பார்த்தது.

இனி நம்ம பக்கம் வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

டேனியல்கள் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். குற்றால அருவியை வரைந்தார்கள். களக்காட்டுப் பக்கம் நின்று ஒரு படம் வரைந்து, அதற்குக் குமரி முனை என்று பெயரிட்டார்கள். 'களக்காட்டின் அருகிலிருந்து' என்று தலைப்பிலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் கடலைத் தேடாதீர்கள். தெற்கே முடிகிற மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதில் நிற்கிறது. அந்த மலைக்கு இந்தப் பக்கம் நம்ம நாஞ்சில் நாடு.

அந்த வருடம் மலைக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கார்த்திகைத் திருநாள் தர்மராஜா ஆட்சி. பத்மநாபபுரம் இன்னும் தலைநகர். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு முழுமையாக மாறியது அதற்குச் சில வருடம் கழித்துத்தான். இன்று நாம் டிக்கெட் எடுத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்க்கிற பூமுகமும் மந்திரசாலையும் தாய்க்கொட்டாரமும் அன்று ஆள் நடமாட்டமும் விளக்கு வெளிச்சமுமாக இருந்திருக்கும். பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. சுசீந்திரத்தில் கோவில். கடற்கரையில் ஊர் ஊராகக் குருசடிகள், ஓலைக் குடில்கள், கட்டுமரங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தால் எல்லாமே கண்ணுக்கு எட்டும். ஆனால் 144 படங்களில் பத்மநாபபுரம் இல்லை. நம்ம ஊர்கள் எதுவும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. டேனியல்களுக்கு முன்பே, 1770களிலேயே, தென்னிந்தியக் கட்டடங்களை வரைந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தவர் ஃபிரான்சிஸ் ஸ்வெயின் வார்டு என்ற பட்டாளத்து அதிகாரி. அவர் மகன் பெஞ்சமின் வார்டு நம்ம பக்கம் வந்தார். 1816 முதல் 1820 வரை கான்னர் என்பவரோடு சேர்ந்து திருவிதாங்கூரை அளந்தார். அப்பா தூரிகையோடு திரிந்தவர், மகன் அளவுக் கருவியோடு வந்தார். ஆறு எங்கே, குளம் எங்கே, எல்லை எங்கே என்று அந்த அளவை சொல்லும். ஒரு வீட்டுத் திண்ணை எப்படி இருந்தது என்பதை அளவுக் கருவி சொல்லாது.

டேனியல்களின் படங்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. படம் அழகாக அமைய வேண்டும் என்று மரத்தையும் ஆட்களையும் இடம் பார்த்து நிறுத்துவது அந்தக் கால ஓவியர்களின் வழக்கம். இடிபாடு என்றால் அவர்களுக்கு ஒரு தனி ஆசை. மனிதர்கள் மூலையில் சிறியதாக, அளவு காட்டுவதற்கென்றே நிற்பார்கள். பல்லக்குத் தூக்கி, பெட்டி சுமந்து அவர்களை மதுரைக்கும் களக்காட்டுக்கும் கொண்டுவந்த நம்ம ஆட்களின் பெயர் எந்தப் படத்தின் கீழும் கிடையாது. சாட்சியாக இருந்தாலும் குறுக்கு விசாரணை வேண்டும்.

நம்மவர்கள் யாரும் இப்படி வரையவில்லையா என்று கேட்பீர்கள். வரைந்தார்கள். நாமக்கல்லில் 1919இல் பிறந்த சீனிவாசன், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி அவருக்குச் 'சில்பி' என்று பெயர் வைத்தார். 1940களின் இறுதியில் தொடங்கி 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்காகக் கோவில் கோவிலாகப் போய், அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தார். தேவன் அதற்குக் கட்டுரை எழுதினார். என் வயதுக்காரர்களின் வீடுகளில் அந்தப் பக்கங்களை வெட்டித் தைத்துப் பைண்டு செய்து வைத்திருப்பார்கள். டேனியல்களுக்குத் தூணின் ஒட்டுமொத்த வடிவம் போதும். சில்பி அந்தத் தூணில் இருக்கும் சிலையின் விரலில் கிடக்கும் மோதிரத்தையும் வரைவார்.

மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் கதையை உங்களில் சிலர் செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள். சேதுபதி பள்ளியில் படித்தவர். விழித்திரை மெல்ல மெல்லக் கெடுகிற நோய் அவருக்கு. பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆயிற்று. மனைவி மகிமா 1972இல் நடந்த சாலை விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்த நிலையிலும் மதுரைக் கோவிலையும் யானைமலையையும் சென்னையின் பழைய கட்டடங்களையும் மயிரிழைக் கோடுகளால் வரைந்தார். அவற்றை வாழ்த்து அட்டைகளாக்கி, கிடைத்த பணத்தை மருத்துவ உதவிகளுக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் வண்ணத்திலும் வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ. 2022 டிசம்பரில் காலமானார். ஒரு நேரத்தில் ஒரு துளி இடம்தான் கண்ணுக்குத் தெரியும், அதை வரைந்து முடித்துவிட்டு அடுத்த துளிக்குப் போக வேண்டும். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நாம் எதைத்தான் பார்க்கிறோம் என்று அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்வேன்.

இனி நம்ம வீட்டுக் கதை ஒன்று. அந்தக் குடும்பத்தார் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஊரும் பேரும் சொல்லவில்லை.

1998 என்று ஞாபகம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்க ஊர்ல உள்ள பழைய கட்டடம் ஒண்ணை வரைஞ்சிட்டு வாங்க" என்று சொன்னேன். பாதிப் பேர் கோவிலை வரைந்தார்கள். ஒருத்தன் தன் வீட்டை வரைந்திருந்தான். "பழைய கட்டடம்னா இதுதான் டீச்சர், எங்க தாத்தா கட்டினது" என்றான். ஓட்டுக் கூரை, முகப்பில் ஒரு சிலுவை, உடைந்த வாசற்படி, சுவரில் மலேரியாக்காரர்கள் எழுதிவிட்டுப் போன எண், சாய்த்து வைத்த கட்டுமரம், பின்னால் கடல். மலிவான வண்ணப் பெட்டிதான். கடலுக்கு நீலம் போதாமல் பச்சையைக் கலந்திருந்தான். கண்காட்சிக்கு வைக்கலாம் என்று வாங்கி அலமாரியில் வைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி உங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. ஓட்டு வீடு எம்மாத்திரம்? அவன் குடும்பத்தில் உயிர்ச்சேதம் இல்லை. கர்த்தருக்கு நன்றி. ஆனால் வீடும் அதற்குள் இருந்த கல்யாணப் படம் முதல் ரேஷன் கார்டு வரை எல்லாமும் போயிற்று.

அடுத்த வருடம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தத் தாள் கிடைத்தது. அவர்கள் அப்போது தகரக் கொட்டகையில் இருந்தார்கள். கொண்டுபோய் அவன் அம்மையிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "டீச்சர், சன்னலை இடது பக்கம் வச்சிருக்கான். சன்னல் வலது பக்கமாக்கும்" என்றார்கள். பையன் வெட்கப்பட்டுச் சொன்னான்: "அந்தப் பக்கம் கட்டுமரம் மறைச்சிச்சு. சன்னல் தெரியட்டும்னு மாத்தி வச்சேன்."

டேனியல்கள் லண்டனில் செய்த அதே வேலையை எட்டாம் வகுப்புப் பையன் நம்ம கடற்கரையில் செய்திருக்கிறான்! அந்த அம்மை சுவரில் சன்னல் இருந்த இடத்தைப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அங்கே கிணறு, இங்கே முருங்கை, அந்த மூலையில் வலை காயப்போடும் இடம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு தப்பான படம் இருந்ததால் சரியான தெரு அத்தனை பேர் வாயிலிருந்தும் வந்தது. படமே இல்லாத வீடுகளைப் பற்றி அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அக்கா மகனே, இதுதான் உனக்குப் பதில். போனில் நீ எடுத்த படங்கள் எத்தனை ஆயிரம் இருக்கும்? அதில் உன் தாத்தா வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிச் சொல் பார்ப்போம். இரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து, அளந்து, அழித்து, தப்பாகவாவது வரைந்தவனுக்கு அது மறக்காது.

இப்போது உலகம் முழுக்க இது ஓர் இயக்கமாக நடக்கிறது. 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிவைத்தது. இடத்திலேயே உட்கார்ந்து, பார்த்ததை வரைய வேண்டும், தேதியும் இடமும் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் ஒழுங்கு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற என் பிள்ளைகளே, உங்கள் ஊர்களிலும் இப்படிக் கூட்டம் கூடுகிறதா என்று விசாரியுங்கள்.

செலவு அதிகம் இல்லை. பன்னிரண்டு வண்ண வில்லைப் பெட்டி, கொஞ்சம் கனமான தாள், ஒரு தூரிகை, ஒரு பாட்டில் தண்ணீர். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போங்கள். வெள்ளைச் சுவருக்கு வண்ணம் வேண்டாம், தாளை அப்படியே விட்டுவிடுங்கள். ஆனி, ஆடியில் நம்ம கடற்கரையில் வரைந்தால் தாள் காயவே காயாது, காற்றில் மணலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும். முட்டத்து மணல்தானே.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த வயதிலுமா என்று சிரிக்க வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, இன்னும் பத்து வருடத்தில் இருக்காது என்று உங்களுக்குத் தோன்றுகிற ஒரு கட்டடத்தை வரையுங்கள். ஓட்டு வீடு, பழைய பள்ளிக்கூடம், வலைக்கூடம், தெருமுனைக் குருசடி, எதுவானாலும் சரி. பின்பக்கம் தேதி, இடம், எந்தத் திசையிலிருந்து பார்த்தது என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, தப்பைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தத்தையும் அழிக்காமல் வையுங்கள்.

நான் இதுவரை முட்டத்தில் மூன்று ஓட்டு வீடுகளை வரைந்திருக்கிறேன். நாலாவது வீட்டுக்குப் போனபோது கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் முந்திப் போயிருக்கலாம். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஐந்தாவது வீட்டின் முன்னால் இருப்பேன். வருகிறவர்கள் வரலாம். கட்டஞ்சாயா நான் கொண்டுவருகிறேன்.

டேனியல்கள் களக்காடு வரைதான் வந்தார்கள். மிச்ச வழி நாம் நடக்க வேண்டியது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
முட்டம்